பயண நேரமும் கடிகார நேரமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறேன். சென்னையில் இரவு 11.15-க்குப் புறப்படும் விமானம் காலை 6.10-க்குச் சேரும் என்றும், திரும்பும்போது இரவு 8.15-க்குக் கிளம்பி 10 மணிக்கே சென்னை வந்துவிடும் என்றும் டிக்கெட்டில் உள்ளது. ஒரே தூரத்துக்கு ஏன் இத்தனை வித்தியாசம்?
– வாசகி, காரைக்குடி

பதில்: டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சாகிறது. சிங்கப்பூரின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், போகும்போது தெரியும் 6 மணி 55 நிமிடத்தில் அதைக் கழித்தால் 4 மணி 25 நிமிடமும், வரும்போது தெரியும் 1 மணி 45 நிமிடத்தோடு அதைக் கூட்டினால் 4 மணி 15 நிமிடமும் கிடைக்கும். நீங்கள் உண்மையில் பயணம் செய்யும் நேரம் இதுதான். இந்த இரண்டரை மணி நேரமும் முழுக்கச் சூரியனால் வந்ததன்று. தீர்க்கரேகைக் கணக்குப்படி இரு ஊர்களுக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான வேறுபாடுதான் உண்டு. சிங்கப்பூர், மலேசியாவோடு ஒத்துப்போவதற்காக 1982 தொடக்கத்தில் தன் கடிகாரத்தை மேலும் அரை மணி நேரம் முன்னே நகர்த்திக்கொண்டது. அங்கே காலை ஏழு மணியளவில்தான் சூரியன் உதிக்கும் என்பதால், 6.10-க்கு நீங்கள் இறங்கும்போது வெளியே இன்னும் இருட்டாகத்தான் இருக்கும்.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர் வான்வழித் தூரம் சுமார் 2,900 கி.மீ. வங்கக் கடலைக் கடந்து, சுமத்ராவின் வடமுனையை ஒட்டி, மலாக்கா நீரிணை வழியாக அந்தக் கோடு செல்கிறது. மணிக்கு 850 கி.மீ. வேகத்தால் வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட ஆகாதே என்று தோன்றும். ஆனால் அட்டவணையில் உள்ளது பறக்கும் நேரம் மட்டுமன்று; சக்கரங்களுக்கு அண்டை கொடுத்த கட்டைகளை எடுத்து, விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது வரையிலான நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, முழு வேகத்தை எட்டாமல் மேலேறுவது, தரையிறங்க முறை வரும்வரை வட்டமிடுவது ஆகிய எல்லாமே அதில் அடங்கும். தூரத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டு, அடுத்த விமானத்துக்கு நெருக்கமாக டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: நேர வித்தியாசத்தைக் கழித்த பிறகும், சில வழித்தடங்களில் போக ஒரு நேரமும் வர ஒரு நேரமும் ஆவது எதனால்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: காற்றினால். நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ‘ஜெட்’ காற்றோட்டம் வீசுகிறது. லண்டனிலிருந்து நியூயார்க் செல்ல ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகும். திரும்பி வர ஏழு மணி நேரம் போதும். 2020 பிப்ரவரியில் ‘சியாரா’ புயலின்போது நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஒரு போயிங் 747, ஐந்து மணி நேரத்துக்குள் லண்டனை அடைந்தது. தரையிலிருந்து அளந்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது, ஆயினும் தன்னைச் சுமந்து வந்த காற்றை நோக்க அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது என்பதால், ஒலியின் வேகத்தைக் கடந்ததாகக் கொள்வதில்லை.