கொல்லையில் கல் அடுப்பும் கிரில்லும் கட்டக் கடற்கரைக் கல் ஆகுமா?

மண்டபம் பக்கம் வீடு, கொல்லையில் கல்லால் ஒரு கணப்பும் அதோடு சேர்ந்த கிரில்லும் கட்ட ஆசை, கரையில் கிடக்கிற கல்லை எடுத்துக்கொள்ளலாமா, சிம்னி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லையிலும் இப்படி ஒன்று இருக்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன்.

கரையில் வெள்ளையாக, துளைதுளையாகக் கிடப்பது பெரும்பாலும் பவளக்கல். அதைத் தொடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986-லேயே தேசியப் பூங்காவாக்கி விட்டார்கள். 2001-ல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் ஏறிவிட்டன. காய்ந்து கிடப்பதுதானே என்று அள்ளி வந்தாலும் வம்புதான். சட்டத்தை விடுங்கள், அடுப்புக்கே அது உதவாது. பவளக்கல் என்பது கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட். அந்தக் காலத்தில் காளவாசலில் போட்டுச் சுண்ணாம்பு எடுத்தது இதிலிருந்துதான். சூடு 900 டிகிரியைத் தொட்டால் கல் சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று ஊதுகிற கரி நெருப்பில் அந்தச் சூடு வருவது பெரிய விஷயமில்லை. அப்புறம் ஐப்பசியில் ஒரு மழை விழுந்தால் போதும், கல் பொரிந்து வீங்கி மாவாக உதிரும். தனுஷ்கோடியில் பவளக்கல் தேவாலயச் சுவர் 1964 புயலைத் தாண்டி இன்னும் நிற்கிறதே என்பார்கள். நிற்கிறது, ஆனால் அதற்குள் யாரும் தினமும் கரி மூட்டவில்லையே.

சரி, மதுரைப் பக்கமிருந்து லாரியில் வருகிற கருங்கல்? வெளிச்சுவருக்குத் தாராளமாக வையுங்கள், பார்க்கவும் அழகு. நெருப்பு படுகிற இடத்தில் மட்டும் வேண்டாம். கருங்கல்லில் இருக்கிற குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென்று விரியும், கல் வெடித்துச் சில்லு தெறிக்கும். நெருப்பைத் தொடுகிற உள்சுவர் எல்லாம் சுட்ட மண்ணாக இருக்க வேண்டும். ஃபயர் பிரிக், அதாவது நெருப்பு தாங்கும் செங்கல், 9 அங்குல நீளம், நாலரை அகலம், 3 கனத்தில் கிடைக்கும். விலை கட்டுப்படியாகாவிட்டால் நன்றாக வெந்த சேம்பர் செங்கல்லை வையுங்கள். கரி அடுப்புக்கு அதுவே பல வருஷம் தாங்கும். உள்சுவருக்கும் வெளிக்கல்லுக்கும் நடுவில் அரை அங்குலம் இடைவெளி விட்டு உலர்ந்த மணலை நிரப்புங்கள். செங்கல் சூட்டில் விரியும்போது கருங்கல்லை நெட்டித் தள்ளக் கூடாது, அதற்காகத்தான்.

எங்கள் கொத்தனார், "உள்ளயும் சிமெண்ட்லயே பூசிருவோம்ணே, இரும்பு மாதிரி நிக்கும்" என்று பிடிவாதம் பிடித்தார். 400 டிகிரி தாண்டினால் சிமெண்டு பிடிப்பை விட ஆரம்பிக்கும் என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது. உள்சுவருக்கு நெருப்பு தாங்கும் களிமண்ணான ஃபயர் கிளே, இல்லாவிட்டால் பானை செய்கிறவர்களிடம் வாங்கிய களிமண்ணோடு சலித்த மணல். கடல் மணலை எதிலும் கலக்காதீர்கள், அஸ்திவாரத்தில்கூட வேண்டாம். உப்பு பூத்துக்கொண்டே இருக்கும், கம்பி போட்டால் அதையும் தின்றுவிடும். அடியில் ஒன்றரை அடி தோண்டி, தண்ணீர் விட்டு மண்ணை இறக்கி, செங்கல் சல்லி போட்டு இடித்து, மேலே நாலு அங்குலம் கான்கிரீட். ஒரு கன அடி கருங்கல்லே 75 கிலோ வரும், நம் மணல் தரையில் இதைச் சுருக்கினால் ஒரு பக்கம் சாயும்.

சிம்னி தேவையில்லை. மார்கழியிலும் மின்விசிறியை அணைக்காத ஊரில் குளிர் காய யார் உட்காரப் போகிறார்கள்? அந்தச் செலவில் சுவரின் திசையைச் சரியாகப் பாருங்கள். நமக்குக் காற்று பெரும்பாலும் ஒரே கோட்டில்தான், கோடையில் தென்மேற்கிலிருந்து கச்சான், மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வாடை. பின்சுவரைத் தென்மேற்கில் வைத்தால் காற்று சுவரைத் தாண்டிச் சுழன்று புகையை உங்கள் முகத்துக்கே கொண்டுவரும். பக்கச்சுவர் இரண்டும் தென்மேற்கிலும் வடகிழக்கிலும் வருகிற மாதிரி, வாயைத் தென்கிழக்குப் பார்த்து வையுங்கள். கிரில்லுக்கு மேல் ஒரு அடி வரை பக்கச்சுவர் ஏறட்டும். அக்னி மூலை என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்களும் மறுபேச்சு பேச மாட்டார்கள். கீற்றுக் கொட்டகை பக்கத்தில் இருந்தால் மட்டும் அடுப்பையே தள்ளிக் கொண்டுபோய்விடுங்கள், பொறி பறக்கும்.

கிரில்லைச் சுவரோடு சேர்த்துப் பூசாதீர்கள். இரண்டடிக் கம்பி 300 டிகிரிச் சூட்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளும், சுவர் விரிசல் விடும். பக்கச்சுவரில் அரைச் செங்கல்லை வெளியே நீட்டி இரண்டு மட்டத்தில் படி விட்டு, அதன்மேல் கிரில்லை இழுப்பறை மாதிரி தள்ளுங்கள். கரிக்கும் கீழ்மட்டத்துக்கும் ஆறு அங்குலம், மேல்மட்டத்துக்கு பத்து. சாதா இரும்பு நம் உப்புக் காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் செதில் செதிலாக உரியும். எஸ்.எஸ். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள், அதில் மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி மலிவு என்று எடுக்கவே கூடாது. அந்தப் பூச்சு 419 டிகிரியில் உருகும், அந்தப் புகை மீனில் சேர வேண்டாம்.

கரிக்கு அலைய வேண்டாம். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக்கருவேலங்கரி நின்று எரியும். சிரட்டை சட்டென்று சூடேறும், சட்டென்று அடங்கும், பற்ற வைக்க மட்டும் போதும். கட்டி முடித்ததும் ஒரு வாரம் காயவிட்டு, முதலில் சின்னச் சின்னதாகத் தீ மூட்டுங்கள். எடுத்த எடுப்பில் பெருந்தீ வைத்தால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிச் செங்கல்லைப் பிளக்கும்.

மீன் வைப்பதற்கு முன் கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை பொறுங்கள். முதல் தடவைக்கு விளமீனோ பாறை மீனோ வாங்குங்கள், சதை கெட்டி. தோலை நன்றாகத் துடைத்து, மீனுக்கும் கம்பிக்கும் எண்ணெய் தடவி வைத்து, தானாகக் கம்பியை விடும்வரை திருப்பாதீர்கள். நகரை மாதிரிச் சின்ன மீனைக் கம்பியில் நேராக வைத்தால் பாதி கரிக்குத்தான் போகும், அதற்கு வாழையிலை.