மீத்திறன் குழந்தைகளை வகுப்பில் எப்படிச் சேர்க்கிறார்கள்? – கேள்வி பதில்

கேள்வி: என் மகளையும் வேறு ஐந்து மீத்திறன் மாணவர்களையும் மூன்றாம் வகுப்பின் ஒரே பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். பிரிவுக்கு இருவராகப் பகிர்ந்திருந்தால் நியாயமாக இருந்திருக்காதா?

பதில்: பார்வைக்கு நியாயம்தான். ஆனால் ஓரிரு குழந்தைகளுக்காக மட்டும் தனிப் பாடம் ஆயத்தம் செய்ய ஆசிரியருக்கு நேரம் வாய்ப்பதில்லை. அக்குழந்தைகளுக்கும் தம் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் துணை கிடைப்பதில்லை. எனவேதான் நான்கு முதல் எட்டுப் பேர் வரை, இதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியரின் வகுப்பில் ஒன்றாக அமர்த்தி, மீதி இடங்களில் பல நிலை மாணவர்களைச் சேர்க்கிறார்கள். இதையே கிளஸ்டர் முறை என்கிறோம்.

கேள்வி: நான் அடுத்த பிரிவின் ஆசிரியை. கெட்டிக்காரர்கள் எல்லாரும் அங்கே போய்விட்டால் என் வகுப்பில் யார் மிஞ்சுவார்கள்?

பதில்: அவர்களுக்கு அடுத்த படியில் இருப்பவர்கள் உங்களிடம் வர வேண்டும். அந்தப் படியினரையும் கிளஸ்டர் பிரிவுக்கே கொடுத்துவிடும் பள்ளியில் உங்கள் மனக்குறை முற்றிலும் சரியானதே. முறையாகப் பகிர்ந்தால் இரு வகுப்புகளிலும் திறன் இடைவெளி சற்றுச் சுருங்கும். எப்போதும் முந்திக்கொண்டு உயரும் கை இல்லாதபோது, இதுவரை தயங்கிய கைகள் உயர்வதையும் நீங்கள் காணக்கூடும்.

கேள்வி: என் மகன் கணக்கை முதலில் முடித்துவிட்டால், அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்குத் தருகிறார்கள். இப்போது வேண்டுமென்றே மெதுவாகப் போடுகிறான்.

பதில்: விரைந்து முடித்ததற்குத் தண்டனை கிடைக்கிறது என்று கண்டுகொண்டான், புத்திசாலிதான்! பாடம் தொடங்குமுன்பே, பயிற்சியில் மிகக் கடினமான ஐந்து கணக்குகளை விரும்புகிறவர்கள் எல்லாரும் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசிரியர் அறிவிக்கலாம். நான்கைச் சரியாகப் போட்டவர் மீதிப் பயிற்சியைச் செய்ய வேண்டியதில்லை. மிச்சமாகும் நேரத்தில், பின்னங்களைக் கூட்டத் தெரிந்த குழந்தையிடம், "மேலெண் 1 ஆகவே உள்ள இரு வெவ்வேறு பின்னங்களைக் கூட்டி 1/2 வரவழைக்க முடியுமா?" என்று கேட்கலாம். 1/3 உடன் 1/6 என்று அவன் கண்டுபிடிப்பதற்குள் தாளில் பல அடித்தல் திருத்தல்கள் நிகழும். அந்தத் தடுமாற்றம்தான் அவனுக்கு இதுவரை கிடைக்காத பாடம். பக்கத்து மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை நாள்தோறும் அவன் தலையில் கட்டுவது இதற்கு ஈடாகாது.

கேள்வி: மதிப்பெண்படி தனித்தனிப் பிரிவுகளாகவே பிரித்துவிட்டால் என்ன?

பதில்: தொடக்கப் பள்ளி ஆய்வுகளை 1987இல் தொகுத்து ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஸ்லேவின், நாள் முழுவதும் அவ்வாறு பிரித்துவைப்பதால் கற்றல் உயர்வதற்குச் சான்று காணவில்லை. கணக்குக்கு வகுப்புக்குள்ளேயே குழுக்கள் அமைப்பதும், மிசூரி மாநிலத்து ஜாப்ளின் நகரில் 1950களில் செய்ததுபோல் வாசிப்புப் பாடவேளைக்கு மட்டும் வகுப்பு வேறுபாடின்றி நிலைவாரியாகச் சேர்ப்பதும் பயன் தந்தன.

கேள்வி: ஒருமுறை அமைத்த குழு ஆண்டு முழுவதும் நீடிக்குமா?

பதில்: பிரிவு நீடிக்கலாம்; பாடக் குழு நீடிக்கக் கூடாது. பின்னத்தில் முந்துபவர் வடிவியலில் திணறலாம். உங்கள் பள்ளியில் குழு கடைசியாக எப்போது மாறியது என்று கேட்டுப் பாருங்கள்.