பள்ளிப் பாடநூல்களில் உங்கள் சமயம் சரியாகக் காட்டப்படுகிறதா?

பிள்ளையின் பாடநூலைப் புரட்டும்போது எதையோ கண்டு மனம் உறுத்தியதால்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என் சமயத்தைப் பாடநூல்கள் இழிவுபடுத்தியதில்லை, போற்றியே எழுதின. ஆனால் நான் படித்த காலத்தில் அவ்வளவும் ‘இருந்தது’, ‘விளங்கியது’, ‘மறைந்தது’ என்றே முடியும்.

நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணன். ஊரில் எங்களை நயினார் என்பார்கள். பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில், தமிழகத்தில் சமணம் மறைந்ததற்கான காரணங்கள் யாவை என்று ஐந்து மதிப்பெண் வினா வந்தது. பக்தி இயக்கத்தின் எழுச்சி, அப்பரால் மகேந்திரவர்மன் சைவத்துக்கு மாறியது, அரசர்களின் ஆதரவு குன்றியது, நோன்பு நெறிகளின் கடுமை என்று மனப்பாடம் செய்தபடியே எழுதி, ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். விடைத்தாளோடு வீடு திரும்பியபோது மணி ஐந்தரை. பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் யாரும் உண்பதில்லை என்பதால், ஆயா (என் பாட்டி) எனக்குத் தட்டு வைத்து, துணியில் வடிகட்டிய தண்ணீரையும் மொண்டு வைத்திருந்தார். விடையைப் படிக்கச் சொல்லிக் கேட்டவர், “மறைஞ்சி போச்சுன்னு நீயே எழுதிக் குடுத்துட்டு வந்தியா? சரி, இருட்டறதுக்குள்ள சாப்பிடு” என்றார்.

இத்தனைக்கும் அதே பள்ளியில் தமிழாசிரியர் நடத்திய நன்னூல், பவணந்தி என்ற சமண முனிவர் செய்தது. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது, அதன் சமயக் கருத்துகள் விளங்காமல், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடம் போய்க் கேட்டே தெளிந்தார். மறைந்தவர்களிடம் அவர் எப்படிக் கேட்டிருக்க முடியும்?

சைவத்தின்மீது பழம்பகை கிளறுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் எண்ணிக்கையும் செல்வாக்கும் குறைந்தது வரலாறு. அதை நான் மறுக்கவில்லை. குறைவது வேறு, இல்லாமற்போவது வேறு என்பதுதான் என் வழக்கு. இந்த வேறுபாட்டைப் பள்ளியில் சொல்லித்தராததன் பலனை வெளியே அனுபவிக்கிறோம்: சான்றிதழ் வாங்கப் போன ஓர் அலுவலகத்தில், ‘ஜெயின்’ என்று நான் நிரப்பியதைப் பார்த்த எழுத்தர், “வடநாட்டு சேட்டா நீங்க? தமிழ் நல்லா பேசுறீங்களே” என்று பாராட்டினார். சமணர் என்றால் கல்வெட்டில் இருப்பவர், ஜெயின் என்றால் வடக்கிலிருந்து வந்தவர். நடுவே எங்களுக்கு இடமில்லை.

இப்போதைய பாடநூல்கள் எவ்வளவோ மேல் என்பதையும் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பில் சமணம், பௌத்தம், ஆசீவகம் பற்றித் தனிப் பாடமே வைத்திருக்கிறார்கள். ஆனால் நடத்துகிறவர்கள் நான் படித்த பாடத்தைப் படித்தவர்கள்தாமே! அந்தப் பாடத்துக்குப் படம் ஒட்டி வரச் சொன்னபோது, செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் எங்கள் மடத்துக் கோயில் தேர்த் திருவிழாவில் தன் பாட்டி நிற்கும் புகைப்படத்தை என் மகள் ஒட்டிக்கொண்டு போனாள். “குடும்பப் படம் வேண்டாம், சமணர் படம் கொண்டு வா” என்று ஆசிரியை திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் சித்தன்னவாசல் ஓவியத்தைக் கடையில் அச்செடுத்து, அதே பக்கத்தில், பாட்டியின் மேலேயே ஒட்டினோம்.