யூரிமாரிடம் நீதிபதி என்ன சொல்ல வேண்டும்?

கேள்வி: ஐயா, என் தம்பி மீதான கொலை வழக்கு மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் யூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) முன் வருகிறது. அவன் சாட்சியமளிக்காவிட்டால் குற்றவாளி என்றே முடிவு கட்டிவிடுவார்களாம். உண்மையா? (களுவாஞ்சிகுடி வாசகி)

பதில்: ஊர் அப்படி முடிவு கட்டும், யூரி கட்டக்கூடாது. அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரைப்படி, குற்றம் எண்பிக்கப்படும்வரை உங்கள் தம்பி சுற்றவாளி, அதாவது குற்றமற்றவர். எண்பிக்கும் பொறுப்பு அரச தரப்பினுடையது என்பதை நீதிபதி தொகுப்புரையில் (விசாரணை முடிவில் யூரிக்கு அவர் தரும் விளக்கவுரையில்) சொல்லியே ஆக வேண்டும். மௌனம் மட்டும் குற்றத்துக்குச் சான்றாகாது. ஆனால், பலமான சான்றுகள் விளக்கம் கேட்டு நிற்கும்போதும் வாய் திறக்காமல் இருப்பது பாதகமாகலாம்.

இன்னொரு வழியும் உண்டு. சத்தியம் செய்யாமல் எதிரிக் கூண்டில் (எதிரி என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர்) நின்றபடியே கூற்று அளிக்கலாம். குறுக்கு விசாரணை கிடையாது. அதை நம்பினால் விடுதலை; நம்பாவிட்டாலும் அது நியாயமான சந்தேகத்தை எழுப்பினால் விடுதலை என்று யூரிக்குச் சொல்ல வேண்டும் என 1968 இல் குலரத்ன வழக்கு வகுத்தது. எந்த வழி என்பதைச் சட்டத்தரணியுடன் இருந்து முடிவு செய்யுங்கள், தேநீர்க் கடையில் அல்ல.

கேள்வி: குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பிக்க வேண்டும் என்கிறார்களே, அது எத்தனை வீத உறுதி? (ஏறாவூர் வாசகர்)

பதில்: வீதம் சொல்லும் நீதிபதி மேன்முறையீட்டுக்குத் தானே கதவு திறந்துவிடுகிறார். இங்கிலாந்தில் இப்போது, "குற்றம் செய்தார் என்பதில் நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும்" என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். கனடாவின் உயர் நீதிமன்றம் 1997 இல், சந்தேகம் அனுதாபத்திலோ வெறுப்பிலோ பிறக்கக்கூடாது, சான்றிலோ சான்றின் குறைபாட்டிலோ இருந்து பிறக்க வேண்டும் என்றது. எனக்குப் பிடித்த விளக்கம் அதுதான்.

கேள்வி: தற்பாதுகாப்புக்காக அடித்தேன் என்றால் அதை யார் எண்பிக்க வேண்டும்? (அக்கரைப்பற்று சட்ட மாணவர்)

பதில்: நல்ல கேள்வி, தொகுப்புரைகள் பெரும்பாலும் இடறும் இடம் இது. வயலில் தண்ணீர்த் தகராறு. எதிரி மண்வெட்டியால் அடிக்கிறார்; மற்றவர் இறந்துவிடுகிறார். அடித்ததையும், அதனால் சாவு நேர்ந்ததையும், கொலை எண்ணத்தையும் அரச தரப்பு நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பிக்க வேண்டும். "அவர்தான் முதலில் கத்தியை ஓங்கினார்" என்ற பகுதி மட்டும் எதிரியின் தலையில் விழுகிறது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவு அப்படி.

ஆனால் அவர் காட்ட வேண்டியது நிகழ்தகவுச் சமநிலை மட்டுமே: நடந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு என்றால் போதும். 1942 இல் சந்திரசேகரா வழக்கு சொன்னதை பின்னர் ஜயசேன வழக்கில் கோமறைக் கழகம் (அப்போது நமது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் Privy Council) உறுதிப்படுத்தியது. இங்கிலாந்தில் தற்பாதுகாப்பை இல்லையென்று காட்டும் வேலையும் அரச தரப்புக்கே. ஆகவே இரு பக்கமும் சரிசமமாக நின்றால் அங்கே விடுதலை. இங்கே இந்தத் தற்காப்பு தோற்றுவிடும். ஆங்கிலப் பாடநூலை மட்டும் படித்துவிட்டுப் பரீட்சை எழுதாதீர்கள்.

கேள்வி: காணி வழக்கையும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பிக்க வேண்டுமா? (வாழைச்சேனை வாசகர்)

பதில்: இல்லை. நிகழ்தகவுச் சமநிலை போதும். யூரியும் கிடையாது.

கேள்வி: தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜின் கொலை வழக்கில் சிங்கள யூரி எப்படி வந்தது? (கல்லடி வாசகர்)

பதில்: எந்த மொழி பேசும் யூரி என்று தெரிவு செய்யும் உரிமை எதிரிக்கு உண்டு. 2006 இல் நடந்த அந்தக் கொலைக்கு, 2016 டிசம்பரில் சிங்களம் பேசும் எழுவர் கொண்ட யூரி எதிரிகளைச் சுற்றவாளிகள் என்றது. ஒருமித்த முடிவு தேவையில்லை. ஐந்துக்கு இரண்டு போதும். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு யூரியின் மொழியைத் தெரிவு செய்வதில் பங்கில்லை. சட்டம் அப்படி, எனக்கு அதில் உடன்பாடு இல்லை.