கால்வாயில் விழுவதற்கு முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதுரையிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். வைகையும் பல வருஷம் கடலைத் தொடுவதே இல்லை. இங்கே வீசுகிற பிளாஸ்டிக் கவருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? – வாசகர், வாடிப்பட்டி

வைகைத் தண்ணீர் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுவது உண்மைதான். ஆனால் வெள்ளக் காலத்தில் மிகுதி நீர் ஆற்றங்கரை என்ற ஊர் அருகே பாக் விரிகுடாவில் கலக்கிறது. அதுவரை ஆற்று மணலில் வெயில் காய்ந்த கவர், தொட்டால் உதிர்கிற பதத்துக்கு வந்திருக்கும். முதல் வெள்ளத்தில் துகள்துகளாகப் போய்விடும், பிறகு யாராலும் பொறுக்க முடியாது. முழுசாகப் போய்ச் சேரும் கவரைச் சொறிமீன் (ஜெல்லி மீன்) என்று நினைத்துக் கடலாமை விழுங்குகிறது. கடற்பசுக்கள் மேயும் கடற்புல் படுகைகளும் அந்த விரிகுடாவில்தான் இருக்கின்றன. அவற்றுக்காகவே தமிழக அரசு 2022-ல் அங்கே காப்பகம் அறிவித்தது. கடல்வரை போகாத கவர் நம் கண்மாய் மடையை அடைக்கிறது.

கேள்வி: வீட்டு விசேஷத்துக்கு 500 பேர் வருவார்கள். "பேப்பர் கப், பேப்பர் இலை, துணிப்பை எல்லாம் தடையில் வராது" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? – வாசகி, திருமங்கலம்

வேண்டாம் அம்மா. தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் நடப்பில் உள்ள தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தட்டும் இருக்கின்றன. ஒரு கப்பைக் கிழித்து இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் தேய்த்தால் காகிதம் கூழாகி வந்துவிடும், மெல்லிய பிளாஸ்டிக் தோல் கையில் மிஞ்சும். துணி மாதிரி இருக்கும் தாம்பூலப் பையில் ஒரு நூலளவு வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி எரிந்து சாம்பலாகும். இந்தப் பை உருகிச் சுருண்டு உருண்டையாகும், அதாவது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதுவும் தடையில் இருப்பதுதான். மஞ்சள் பருத்திப் பையே கொடுங்கள்.

பாத்திர வாடகைக் கடையில் எவர்சில்வர் டம்ளர் கிடைக்கும். பந்திக்கு 100 பேர் என்றால் 300 போதும்: ஒரு நூறு பந்தியில், ஒரு நூறு கழுவுமிடத்தில், ஒரு நூறு கைவசம். தொலைவதற்கு 25 கூடுதலாக எடுங்கள். கழுவ மூன்று அண்டா, இரண்டு ஆள். முதல் அண்டாவில் சோப்புத் தண்ணீர், அடுத்த இரண்டில் நல்ல தண்ணீர். கடைசி அண்டாத் தண்ணீரைப் பந்திக்குப் பந்தி மாற்றாவிட்டால் டம்ளரில் எண்ணெய் வாடை அடிக்கும், ஜனங்கள் பாட்டில் கேட்பார்கள். திட்டம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இலை எடுப்பவருக்கு முன்னால் டம்ளர் எடுக்க ஒருவர் போக வேண்டும். இல்லையென்றால் பாதி டம்ளர் இலையோடு குப்பைக்குப் போய்விடும். பத்து இலைக்கு ஒரு தண்ணீர் ஜக் வையுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதிக் கால்வாய் வைகையில் சேருகிறது. குறுக்கே வலை கட்டிக் குப்பையை மறிக்க இளைஞர்கள் தயாராக இருக்கிறோம். எப்படிக் கட்டுவது? – வாசகர், செல்லூர்

முதலில் மாநகராட்சியிடமும் நீர்வளத் துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அடைப்பால் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

தரைவரை வலை கட்டவே கூடாது. தடித்த நைலான் கயிற்றில் மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் கேன்களை நெருக்கமாகக் கோத்து, அடியில் ஒரு முழம் மட்டும் வலையைத் தொங்கவிடுங்கள். வலை நுனியில் அங்கங்கே கல் கட்டினால் மேலே மிதக்காது. மிதக்கும் குப்பை நிற்கும், தண்ணீர் கீழே போகும். கயிறு நேர்குறுக்காக வேண்டாம். அப்படிக் கட்டினால் குப்பை நடுவில் குவிந்து, கயிறு வில்லாக வளைந்து, எல்லாம் அடியில் நழுவிவிடும். கரையோடு சுமார் 30 பாகை சாய்த்துக் கட்டினால் குப்பை தானாக ஒரு கரைக்கு ஒதுங்கும். கயிற்றில் கொஞ்சம் தொய்வு விடுங்கள். விறைப்பாக இருந்தால் நீர் ஏறும்போது கேன் மூழ்கி, குப்பை மேலே தாண்டும். பாலத்துக்கு அருகிலும் ஓட்டம் வேகமான இடத்திலும் கட்டாதீர்கள்.

பிளாஸ்டிக்கைவிட ஆகாயத்தாமரைதான் தடுப்பை அறுக்கும், மேல்பகுதியில் அதை முன்பே அகற்றுங்கள். தினமும் நீளக் கம்பு வாரியால் கரையில் நின்றபடியே இழுங்கள். யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கண்ணாடிச் சில்லு, எலிக்காய்ச்சல் இரண்டும் அங்கே காத்திருக்கின்றன. கனமழை எச்சரிக்கை வந்ததும் ஒரு முனையை அவிழ்த்துவிட ஆள் யாரென்று முன்பே முடிவு செய்யுங்கள். வார இறுதியில் மட்டும் வந்து அள்ளுவதாக இருந்தால் இதைத் தொடங்கவே வேண்டாம்.

கேள்வி: தெருவில் சேரும் கவர்களைத் தார்ச்சாலை போடக் கொடுக்கலாமா? பழைய பிளக்ஸ் பேனரும் சேருமா? – வாசகி, திருப்பரங்குன்றம்

கவர் சேரும். இந்த முறையை உருவாக்கியவரே உங்கள் ஊர் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன்தான் (பத்மஸ்ரீ, 2018). சுமார் 160 டிகிரிக்குச் சூடேற்றிய ஜல்லியில் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவ, அது உருகி ஜல்லியில் பூசிக்கொள்ளும், அதன்மேல் தார். ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் பிடிக்கும். ஈரமோ மண்ணோ இருந்தால் பூச்சு ஒட்டாது. கால்வாயில் அள்ளிய கவர் இதற்கு உதவாமல் போவது அதனால்தான்.

பிளக்ஸ் பேனர் பி.வி.சி. என்ற வேறு வகைப் பிளாஸ்டிக், அதைக் கண்டிப்பாகக் கலக்காதீர்கள். சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும்.

கவரைக் கழுவி, கொடியில் உலர்த்தி, மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் தனிச் சாக்கில் கொடுங்கள். பால் பாக்கெட்டின் மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல், கீறி மட்டும் விடுங்கள். வெட்டி எறிந்த துணுக்கு எந்தச் சாக்குக்கும் வந்து சேராது, நேரே சாக்கடைக்குத்தான் போகும்.