மொழி தெரியாத மழலையருக்கு முதல் ஆங்கில வகுப்பு

கேள்வி: நான் கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்தவள். எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்திருக்கிறேன். தாய்லாந்தில் சியாங் மாய் அருகே ஒரு மழலையர் பள்ளியில் வேலை கிடைத்துள்ளது. அடுத்த மாதம் புறப்பட வேண்டும். நான்கைந்து வயதுக் குழந்தைகள் 25 பேர். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. முதல் வகுப்பை நினைத்தாலே கை நடுங்குகிறது. எப்படித் தொடங்குவது? சுற்றுலாப் பயணியாகப் போனால் போதும், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று முகவர் சொல்கிறார். கட்டணம் ஒன்றரை லட்சம் ரூபாய்.

பதில்: அம்மணி, நடுங்கும் கைக்கு முதலில் ஒரு வேலை கொடுங்கள். பழைய காலுறை ஒன்றில் இரண்டு பொத்தான்களைத் தைத்து, பொம்மையாகக் கையில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழையுங்கள். ஐம்பது கண்களும் அந்தப் பொம்மையைத்தான் பார்க்கும். நீங்கள் தடுமாறினாலும் பொம்மை தடுமாறியதாகவே குழந்தைகள் எடுத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அடுத்து, முதல் அரை மணி நேரத்தில் நீங்கள் பேசும் ஆங்கிலச் சொற்கள் இருபதைத் தாண்ட வேண்டாம். ‘ஹலோ’, உங்கள் பெயர், ‘ஸ்டாண்ட் அப்’, ‘சிட் டவுன்’, ‘ஜம்ப்’, ‘ஸ்டாப்’, பிறகு மூன்று பழங்கள்: மாம்பழம், வாழைப்பழம், தேங்காய். மூன்றுமே அந்த ஊர்ச் சந்தையில் கிடைக்கும். படமாகக் காட்டாமல் பொருளாகவே கொண்டுபோங்கள். ஏ, பி, சி, டி எழுத்துகளை முதல் வாரம் தொடவே வேண்டாம். நீங்கள் குதித்துக்கொண்டே ‘ஜம்ப்’ என்றால் குழந்தைகளும் குதிப்பார்கள். நீங்கள் நின்றுவிட்டு ‘ஸ்டாப்’ என்றால் நிற்பார்கள். கட்டளையை உடலால் செய்யவைத்து மொழியைப் பதிக்கும் இந்த வழியை ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் முறைப்படுத்தினார். அதன் நுணுக்கங்கள் உங்களுக்கு இப்போது தேவையில்லை. ஐந்து நிமிடம் ஓடினால் அடுத்த ஐந்து நிமிடம் உட்காரவேண்டும் என்ற கணக்கை மட்டும் விடாதீர்கள்.

யாரையும் பேசச்சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். வேற்றுமொழி கேட்கும் குழந்தை வாரக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பது இயல்பு. ‘புரிந்ததா?’ என்று கேட்பதும் வீண், எல்லாரும் தலையாட்டுவார்கள். ‘மாம்பழத்தைத் தொடு’ என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், சரியான பழத்துக்குக் கை போனால் புரிந்திருக்கிறது. இதையெல்லாம் உங்கள் பி.எட். வகுப்பில் சொல்லியிருக்கவேண்டும். அங்கே ஹெர்பார்ட் என்ற ஜெர்மன் கல்வியாளரின் பாடப் படிநிலைகளைக் கட்டம் போட்டுக் குறிப்பேட்டில் நிரப்பவைக்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தையின் எதிரே தரையில் உட்கார்ந்து பழக ஒரு நாள்கூட ஒதுக்குவதில்லை.

உச்சரிப்பைப் பொறுத்தவரை, சொல்லின் முடிவைக் கவனியுங்கள். நாம் குற்றியலுகரத்தில் பழகியவர்கள் ஆதலால் ‘புக்கு’, ‘பஸ்ஸு’ என்று ஒரு வாலைச் சேர்க்கிறோம். தாய்லாந்து மொழியிலோ சொல்லின் கடைசியில் ‘ஸ்’ ஒலி வராது. அவர்கள் வாயில் ‘பஸ்’ என்பது ஏறக்குறைய ‘பட்’ என்று நறுக்கென்று முடியும். நீங்கள் வாலை நீட்ட, அவர்கள் வாலை நறுக்க, நடுவில் ஆங்கிலச் சொல் காணாமல் போய்விடும். உங்கள் இருபது சொற்களையும் கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் ‘சிட் டவுனுங்க’ என்று மரியாதை சேர்ந்து வந்தாலும் பாதகமில்லை, ஆனால் மாதக் கடைசியில் 25 குழந்தைகளும் அப்படியே சொல்வார்கள்.

வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள் என்பேன். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். குழந்தையின் உடல் சம்பந்தப்பட்ட அவசரத்தில் ஆங்கிலத்தை மூட்டைகட்டி வைத்துவிடுங்கள். ‘ஹாங் நாம்’ என்றால் கழிப்பறை. ‘நாம்’ என்றால் தண்ணீர், ஆகவே ‘ஹியூ நாம்’ என்றால் தாகம். ‘ஜெப்’ என்றால் வலிக்கிறது. சிறுநீருக்கு மழலைகள் சொல்லும் சொல் தமிழ்க் காதில் ‘ச்சீ’ என்றே விழும். ஒரு குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னால் வெறுப்பைக் காட்டுவதாக நினைத்து வாடிவிடாதீர்கள், உடனே துணை ஆசிரியையிடம் அனுப்புங்கள். இரண்டு நிமிடம் தாமதித்தால் தரையைத் துடைக்கவேண்டியிருக்கும். அந்த மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளும் மாறிவிடும் என்பதால், இந்தச் சொற்களை நீங்கள் பேசுவதைவிடக் கேட்டு அடையாளம் காண்பதே முக்கியம். வாய்விட்டு அழும் குழந்தைக்கும் இதே விதிதான்: துணை ஆசிரியை அவள் மொழியில் தேற்றட்டும், நீங்கள் பாட்டைத் தொடருங்கள். அன்பு மிகுதியில் தலையைத் தடவும் நம் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே தலை புனிதமானது. குழந்தைகளை நோக்கிக் காலை நீட்டி உட்காருவதும் கூடாது. உங்களை அவர்கள் ‘க்ரூ’ என்று அழைப்பார்கள். அது நம் ‘குரு’தான்.

உண்மையைச் சொன்னால், உங்கள் கேள்வியில் என் கண் நின்றது கடைசி இரண்டு வரிகளில்தான். சுற்றுலாவுக்கான அனுமதியில் இறங்கி, பணி அனுமதி இல்லாமல் வகுப்பு எடுப்பது தாய்லாந்துச் சட்டப்படி குற்றம். பிடிபட்டு அபராதம் கட்டித் திரும்பி வருவது நீங்கள். முகவர் இங்கேயே காபி குடித்துக்கொண்டிருப்பார். வேலைக்கென ‘நான்-இமிக்ரண்ட் பி’ என்ற வகை விசா இருக்கிறது. அதற்குரிய கடிதங்களைத் தரவேண்டியது பள்ளி. கடிதம் தர யோசிக்கும் பள்ளியை நம்பி விமானம் ஏறாதீர்கள். ‘குருசபா’ என்ற அந்நாட்டு ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக அனுமதியோ உங்களுக்காகப் பெறப்படுகிறதா என்றும் எழுத்தில் கேளுங்கள்.

ஒன்றரை லட்சம் எதற்காக? 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் மத்திய அரசிடம் பதிவுசெய்திருக்கவேண்டும். வேலை தேடுபவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. பதிவெண்ணைக் கேட்டு, அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபாருங்கள். எண்ணைக் கேட்டதுமே ‘நம்ம ஊர்க்காரருங்க, நம்புங்க’ என்று பேச்சை மாற்றுகிறவரிடம் பாஸ்போர்ட்டையும் அசல் சான்றிதழ்களையும் ஒரு நாள்கூட விட்டுவைக்காதீர்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணின் பட்டச் சான்றிதழை மீட்க, கோயம்புத்தூரில் ஒரு மாடி அலுவலகத்துக்கு நானே ஏழு முறை படியேறினேன். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசைகாட்டி அழைத்துப்போகப்பட்ட இளைஞர்கள், தமிழ்நாட்டவர் உட்பட, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கியதை மறந்துவிடவேண்டாம்.

இரண்டே நாளில் ‘120 மணி நேர’ ஆசிரியர் சான்றிதழ் வாங்கித் தருவதாகவும் உங்கள் முகவர் சொல்லக்கூடும். இரண்டு நாளைத் தூங்காமல் கழித்தாலும் 48 மணி நேரம்தான். இந்த எளிய கணக்கு தெரிந்த படித்த பிள்ளைகளே பணம் கட்டுகிறார்கள் என்றால், அதற்கு நம் நடைமுறையும் காரணம். ஒரு பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று வரிசையாக முத்திரை கேட்பார்கள். எந்த முத்திரை எதற்கு என்று எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதி ஒட்டமாட்டார்கள். அந்த ஒரு பக்கம் இல்லாத இடத்தில்தான் தரகர் நாற்காலி போட்டு உட்காருகிறார். உங்களுக்கு எந்த முத்திரை தேவை என்பதைப் பள்ளியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன் ஒத்திகை பார்க்க உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நல்ல இடம் இருக்கிறது. பெருந்துறை சிப்காட்டைச் சுற்றி வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைய உண்டு. ஒடியாவும் இந்தியும் மட்டுமே தெரிந்த அவர்களின் பிள்ளைகளை உள்ளூர் அங்கன்வாடிகளில் பார்க்கலாம். பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று, தமிழை அறவே ஒதுக்கிவிட்டு, காலுறைப் பொம்மையும் மூன்று பழங்களுமாக அரை மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். முடிந்ததும் வாழைப்பழத்தைப் பங்கிட்டுக் கொடுக்க மறக்காதீர்கள். ஒரு சீப்பாவது வேண்டியிருக்கும்.