சண்டைக்கு இரண்டு குரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான ஜான் ப்ரைன் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய முதல் ஆல்பத்தைக் கேட்டேன். இரண்டு நாள் வேறெதுவும் கேட்க முடியவில்லை. அந்த வேகத்தில் 1999இல் வந்த ‘இன் ஸ்பைட் ஆஃப் அவர்செல்வ்ஸ்’ என்ற டூயட் ஆல்பத்தையும் கேட்டேன். ஏமாற்றம்தான். சொந்தமாக இவ்வளவு எழுதத் தெரிந்தவர் எதற்காக ஊரார் பாடல்களை எடுத்துப் பாட வேண்டும்? ஒன்பது பெண்கள் பாடுகிறார்கள், எல்லாம் தேர்ந்த குரல்கள். நடுவில் இவர் குரல் மட்டும் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் இருக்கிறது. போதாததற்குப் பாதிப் பாடல்கள் கள்ளக்காதல். பெரிய பெயர்களைக் கூட்டிவைத்துச் செய்த வியாபாரமாகவே எனக்குப் பட்டது. சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி மட்டும் தலைப்புப் பாடலில் ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். நான் எதையாவது தவறவிட்டுவிட்டேனா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

தவறவிட்டுவிட்டீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் பிடித்துவிட்டார், அதனால் மோசமில்லை.

வியாபாரம் என்ற குற்றச்சாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த ஆல்பத்தை வெளியிட்டது ‘ஓ பாய்’ என்ற சின்ன நிறுவனம். பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கட்டிச் சலித்து ப்ரைனும் நண்பர்களும் தாங்களே தொடங்கியது அது. அதில் பாடிய பெண்களில் டிரிஷா இயர்வுட், பாட்டி லவ்லெஸ் இருவரும் அப்போது புகழில் இருந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கானி ஸ்மித்தின் பெரிய வெற்றி 1964இல், மெல்பா மான்ட்கோமரியின் பெரிய வெற்றி 1974இல். டோலோரஸ் கீன் அயர்லாந்தின் நாட்டுப்புறப் பாடகி. ப்ரைனின் மனைவி ஃபியோனாவோ தொழில்முறைப் பாடகியே அல்லர். விற்க நினைப்பவன் இப்படியா ஆள் பிடிப்பான்?

குரலுக்கு வருகிறேன். 1998இல் ப்ரைனின் கழுத்தில் வலப்பக்கம் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். அறுவை சிகிச்சை, பிறகு கதிர்வீச்சு. குரல் கீழே இறங்கிவிட்டது. தன்னுடைய பழைய பாடல்களையே கட்டை குறைத்துத்தான் பாட வேண்டியிருந்தது. மறு ஆண்டு இந்த ஆல்பம் வெளிவந்தது. நோயுற்றவர் தோழிகளின் தோளில் சாய்ந்து பாடினார் என்று இதை உருக்கமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அந்தக் கதையில் நாட்டமில்லை. அவர் குரல் அதற்கு முன்பும் தேனாக இருந்ததில்லை. சிகாகோவுக்குப் பக்கத்து மேவுட்டில் தபால் பையைச் சுமந்துகொண்டு பாட்டு எழுதிய காலத்திலிருந்தே அது தெருவில் நடந்துபோகிறவனின் குரல்தான். அந்தக் குரல் இந்த ஆல்பத்துக்குக் குறை என்கிறீர்கள். அது இல்லாவிட்டால் இந்த ஆல்பமே இல்லை என்கிறேன் நான்.

நமக்கு டூயட் என்றதும் காதலர் இருவர் ஒருவரை ஒருவர் புகழ்வது நினைவுக்கு வருகிறது. ப்ரைன் இங்கே பாடுவது கன்ட்ரி, அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த இசை. அதன் டூயட் பெரும்பாலும் கல்யாணத்துக்குப் பிறகு தொடங்குகிறது. அடுப்பும் கடனும் சந்தேகமும் உள்ள வீடு அது. ஜார்ஜ் ஜோன்ஸும் டாமி வினெட்டும் கணவன் மனைவியாகப் பாடிப் புகழ்பெற்று 1975இல் விவாகரத்து செய்தார்கள். அடுத்த ஆண்டு ‘கோல்டன் ரிங்’ வந்தது. அடகுக்கடையில் வாங்கிய கல்யாண மோதிரம் திரும்பவும் அடகுக்கடைக்கே வந்து சேரும் கதை. பிரிந்த இருவரும் சேர்ந்து பாடிய அந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. இன்னொரு பக்கம் கான்வே ட்விட்டியும் லொரெட்டா லின்னும். அவர்களுக்குள் எந்த உறவும் கிடையாது, ஆனால் பாட்டைக் கேட்ட பலர் அவர்களைத் தம்பதி என்றே நினைத்தார்கள். இந்த வடிவத்தில் குரல்கள் அழகாக இழைவது இரண்டாம்பட்சம். அடுத்த வரியில் அவள் என்ன திருப்பிச் சொல்லப்போகிறாள் என்பதற்குத்தான் காது காத்திருக்கிறது.

சண்டை சுருதியிலேயே தொடங்கிவிடுகிறது. ஆணுக்கு வசதியான கட்டை பெண்ணுக்கு வசதியில்லை, யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஒரே மாதிரி மெருகேறிய இரண்டு குரல்கள் சேர்ந்தால் இந்த இழுபறி மறைந்துவிடும், விருந்தாளிகள் ஒருவருக்கொருவர் உபசாரம் செய்வதுபோல் இருக்கும். டூயட் ஆல்பங்கள் பலவற்றின் நோயே இதுதான். ப்ரைன் பாடும்போது, அந்தப் பெண் இத்தனை வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிற ஆள் இவன்தான் என்று நம்பத் தோன்றுகிறது. இதே காரணத்தால் எம்மிலூ ஹாரிஸுடன் பாடியது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவர் யாரோடு பாடினாலும் பாட்டு பளபளப்பாகிவிடுகிறது. பளபளப்பில் வீடு தெரியவில்லை.

நீங்கள் திரும்பக் கேட்க வேண்டியது ஐரிஸ் டிமென்ட் வரும் நான்கு பாடல்களை. ஆர்கன்சாஸில் பெந்தெகொஸ்தே குடும்பத்தில் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தவர். மூக்கிலிருந்து எழும் குரல், சர்ச்சில் முன்வரிசையில் நின்று பாடும் பெண்ணின் உறுதி. அவருடைய முதல் ஆல்பத்துக்கு முன்னுரை எழுதியவர் ப்ரைன். பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டே அந்த ஆல்பத்தின் ஒரு பாட்டைக் கேட்டபோது கண்ணீர் ஒரு சொட்டு வாணலியில் விழுந்து, எண்ணெய் தெறித்துத் தன் கையைச் சுட்டுவிட்டது என்று அதில் எழுதினார். ‘அழுகையை நிறுத்து, இல்லாவிட்டால் நிஜமாகவே அழவைப்பேன்’ என்று இறைச்சி மிரட்டியதாம். நான் படித்த முன்னுரைகளில் இவ்வளவு நேர்மையானது குறைவு.

ஆல்பத்தின் முதல் பாட்டு, ஜார்ஜ் ஜோன்ஸும் டாமியும் 1974இல் வெற்றிபெறச் செய்தது. ரோம், ஏதென்ஸ் என்று உலகம் சுற்றிய காதலர்போல் ஆரம்பிக்கிறார்கள். கொஞ்சம் பொறுத்தால், அது ஜார்ஜியா மாநிலத்து ரோம் என்று தெரிகிறது. ஏதென்ஸ் டெக்சாஸில் இருக்கிறது, பாரிஸ் டென்னசியில். மூன்றும் வரைபடத்தில் உள்ள நிஜ ஊர்கள். விமானத்தில் பறக்கிற வர்க்கம் அல்ல நாங்கள், பழைய செவ்ரோலே கார் வர்க்கம் என்பதுதான் பாட்டு. இதைத் தேர்ந்த குரல்கள் இரண்டு பாடினால் யார் நம்புவார்கள்?

கள்ளக்காதல் உங்களை உறுத்துவது புரிகிறது. ஆனால் ‘லெட்ஸ் இன்வைட் தெம் ஓவர்’ பாட்டை நிதானமாகக் கேளுங்கள். ஜோன்ஸும் மெல்பாவும் 1963இல் பாடியது. கணவனுக்கு நண்பனின் மனைவி மீது ஆசை, மனைவிக்கு அந்த நண்பன் மீது. இருவருக்கும் இது தெரியும். இன்றைக்கு அவர்களை வீட்டுக்கு அழைப்போமா என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஒருவருக்கொருவர் ஆசை இல்லை என்பதைச் சொல்லும் இடத்தில்தான் அவர்களுடைய குரல்கள் மிகச் சரியாகச் சேர்கின்றன. சர்ச்சுக் குரலில் ஐரிஸ் இதைப் பாடும்போது எனக்கு முதுகு சில்லிட்டது. இதைக் கேட்டு யாரும் கெட்டுப்போகப் போவதில்லை, இரவு வீட்டுக்குச் சீக்கிரம் திரும்பத்தான் தோன்றும்.

மெல்பாவைப் பற்றி ஒன்று. ‘வி மஸ்ட் ஹேவ் பீன் அவுட் ஆஃப் அவர் மைண்ட்ஸ்’ அவர் எழுதிய பாட்டு. 1963இல் ஜோன்ஸோடு பாடினார். முப்பத்தாறு ஆண்டு கழித்து, ஜோன்ஸ் நின்ற இடத்தில் ப்ரைன் நிற்க, அதே பாட்டை மறுபடி பாடுகிறார். பிரிந்தது பைத்தியக்காரத்தனம் என்று இரண்டு பேர் ஒப்புக்கொள்ளும் பாட்டு. இளம்பெண்ணாக அதைச் சொல்வது வேறு, இந்த வயதில் சொல்வது வேறு.

ஊரார் பாடல்கள் என்கிறீர்கள். ப்ரைனுக்கு இவை வீட்டுப் பாடல்கள். பெற்றோர் கென்டக்கியின் மியூலன்பர்க் மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்குக் கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் என்றால் உயிர், அவரைச் சந்தோஷப்படுத்தவே பையன் அந்தப் பாடல்களைக் கற்றான். பிறகு அப்பாவின் ஊர் நிலக்கரிக்காகத் தோண்டி அழிக்கப்பட்டதைப் பற்றி ‘பாரடைஸ்’ எழுதினான். ஒலிப்பதிவை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது, அந்தப் பாட்டு வந்ததும் அப்பா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாராம். ஏனென்று கேட்டால், காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் ஜூக்பாக்ஸில் ஒலிப்பதுபோல் கேட்க வேண்டும் என்றாராம். ஆல்பம் கடைக்கு வரும் முன்பே அவர் இறந்துபோனார். அடுத்த அறையிலிருந்து கேட்பது ஒன்றும் மட்டமான கேட்பு அல்ல என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

இந்த ஆல்பத்தில் ப்ரைன் புதிதாக எழுதியது தலைப்புப் பாடல் ஒன்றுதான், தான் நடித்த ஒரு சினிமாவுக்காக. கணவன் மனைவியைப் பற்றிச் சொல்கிறான், மனைவி கணவனைப் பற்றிச் சொல்கிறாள். முட்டை வழவழவென்று இருந்தால் அவளுக்கு ஆகாது என்கிறான் இவன். மூச்சுக்காற்றைப்போல் பீர் குடிக்கிறான் என்கிறாள் அவள். அதற்கு மேல் அவள் சொல்வதை நான் இங்கே எழுத மாட்டேன், ஐரிஸ் கொஞ்சமும் குரல் நடுங்காமல் பாடுகிறார். ஆல்பத்தின் மற்றப் பாடல்களில் பொய், பிரிவு, திருட்டுத்தனம் எல்லாம் நடந்து முடிந்த பிறகு, கடைசிக்கு முந்தைய பாடலாக இதை வைத்திருக்கிறார். கடைசிப் பாட்டில் கூடப் பாட யாருமில்லை, ப்ரைன் தனியாகப் பாடுகிறார். ஹாங்க் வில்லியம்ஸ் முன்பு பாடியதுதான் அதுவும். மனைவி எழுதிவைத்துவிட்டுப் போன கடிதம் பற்றியது. தனியாகப் பாடும்போதும் கடைசி வார்த்தை அவளுடையதுதான்.

2016இல் இதே மாதிரி இன்னொரு டூயட் ஆல்பம் செய்தார். அதையும் கேளுங்கள், ஆனால் இது முதலில். 2020 ஏப்ரலில் கொரோனாவில் அவர் போனபோது நான் எடுத்துக் கேட்டது இதைத்தான்.

ஒரு விஷயம் நீங்கள் எழுதவில்லை. உங்கள் மனைவி சிரித்தது முட்டைக்கா, பீருக்கா?